தெருவோரக் குழந்தைகளுக்கு உதவப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சிக்னலில் கையேந்தும் சிறுமி, சென்னை சென்ட்ரல் நடைமேடையில் தனியாகத் திரியும் பையன், பிராட்வே நடைபாதையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் பிள்ளை. மூன்று பேரையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமே இவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: யாருமில்லாமல் தெருவில் வாழ்பவர்கள், குடும்பத்தோடு தெருவில் வாழ்பவர்கள், பகலெல்லாம் தெருவில் இருந்துவிட்டு இரவில் குடிசைப் பகுதிக்குத் திரும்புபவர்கள். ஆகவே, இந்தக் குழந்தை ராத்திரி யாரோடு தூங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் இறங்காதீர்கள்.

குடும்பத்தோடு இருக்கும் பிள்ளையை “ஒரு நல்ல ஹோமில் சேர்த்துவிடலாம்” என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பாரிமுனை, ராயபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. மீன்பாடி வண்டி இழுத்தும் பூ விற்றும் பிள்ளை வளர்க்கிறவர்கள் அவர்கள். வீடில்லை என்பதற்காகப் பெற்றோரே இல்லை என்று ஆகிவிடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையிடம் பிஸ்கட்டை நீட்டினால், பிள்ளை பிடிக்க வந்தவர் என்றுதான் உங்களைப் பார்ப்பார்கள். அதில் தப்பும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது பணம் என்றால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, சான்றிதழ்களுக்கு அலைவதில் கூட நிற்பது போர்வை தானத்தைவிடப் பெரிய உதவி.

தனியாக இருக்கும் குழந்தையின் கதை வேறு. இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அல்லது ஊர்ப் பெயரைக் கேட்டு, டிக்கெட் எடுத்து ரயிலேற்றி விடுவார்கள். இரண்டுமே ஆபத்து. அது எதற்கு ஓடிவந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடி தாங்காமலோ, வீட்டிலேயே யாரோ தொட்டுத் தொந்தரவு செய்ததாலோ வந்திருந்தால், அதே இடத்துக்குத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். ஆதரவற்ற அல்லது காணாமல்போன குழந்தையை யார் பொறுப்பில் எடுத்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் 1098 (குழந்தைகள் உதவி எண்), காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்டப் பாதுகாப்பு அலகு இவற்றில் ஒன்றுக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ வரலாம். போன் செய்துவிட்டு நழுவிவிடவும் கூடாது. ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள். “ஏன் ஓடிவந்தே, அப்பா குடிப்பாரா” என்று துருவ வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

படிப்பு விஷயத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். “ஆதார் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, பாதி வருஷம் போய்விட்டது” என்று பள்ளியில் சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கன்வாடிப் பதிவேடோ பெற்றோரின் உறுதிமொழியோ போதும். டி.சி. தாமதமாவதையும் காரணம் காட்ட முடியாது. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது இன்னொரு கொடுமை. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கூனிக்குறுகி, ஒரே வாரத்தில் நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே சட்டம். 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசமாகப் படிக்கலாம். பள்ளியில் பேச்சு நகரவில்லை என்றால் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடி வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டும் கிரேயானும் நல்லதுதான். ஆனால் அதைப் பள்ளிக்கு மாற்றாக நினைத்துவிட்டால், அந்தப் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே வளரும். மூன்று மாதம் வந்து அண்ணா, அக்கா என்று பழகிவிட்டுச் சொல்லாமல் மறைவது அதைவிட மோசம். விட்டுப் போகிறவர்களை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்தவர்கள் அவர்கள்.

போட்டோ வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். முகத்தை மங்கலாக்கிவிட்டு இடத்தின் பெயரைப் போடுவதிலும் அடையாளம் தெரிந்துவிடும். சிக்னலில் காசும் வேண்டாம். பிள்ளையைப் பிச்சை எடுக்க வைப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று 76ஆம் பிரிவு சொல்கிறது. யாரோ பின்னால் நின்று வசூலிப்பதாகத் தோன்றினால் 1098க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: பள்ளியில் சேர்த்ததோடு கணக்கு முடிந்ததென்று இருக்காதீர்கள். நடைபாதைக் குடும்பங்களை நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாற்றும்போது பிள்ளையின் பள்ளி சென்னையின் மறுகோடியில் நின்றுவிடும். பழைய பள்ளியும் எட்டாது, புதிய பள்ளியிலும் பெயர் ஏறியிருக்காது. ஜூனில் பள்ளி திறந்ததும் போய், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் புதிய இடத்துக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை அன்றைக்கே பாருங்கள்.