மருந்து அடித்தும் தேமல் போகவில்லையே, ஏன்?

வெண்டை இலை மஞ்சளாகிறது, மிளகாய் இலை சுருள்கிறது, பப்பாளிக் குருத்து நூல் நூலாக வருகிறது. உடனே நாம் செய்வது என்ன? ஒரு இலையைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். கடைக்காரர் பார்த்துவிட்டு "வைரஸ்ங்க" என்பார், மூன்று பாட்டில் எடுத்து வைப்பார், அதில் ஒன்று 'வைரஸ் மருந்து'. இங்கேதான் பணம் முதலில் வீணாகிறது. பூஞ்சைக்கு மருந்து உண்டு, பூச்சிக்கு மருந்து உண்டு. செடிக்குள் நுழைந்துவிட்ட வைரஸைக் கொல்ல வயலில் தெளிக்கும் மருந்து எதுவும் கிடையாது. அந்தப் பாட்டிலில் நுண்ணூட்டமோ கடற்பாசிச் சாறோ இருந்தால் நான்கு நாள் தளிர் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குள் அந்தச் செடியில் இருக்கும் பூச்சி பக்கத்துப் பாத்திக்குப் போய்விட்டிருக்கும்.

சரி, வைரஸைக் கொல்ல முடியாது என்றால் அதைக் கொண்டுவருகிற பூச்சியைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் எந்தப் பூச்சி என்பதோடு, அது வைரஸை எடுக்கவும் கொடுக்கவும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்த நேரக் கணக்கு தெரியாமல் அடிக்கிற மருந்துதான் பாதிச் செலவு.

அதற்கு முன்னால், அது வைரஸ்தானா? வெண்டையில் இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலையின் நரம்பு பச்சையாகவே இருக்கும், நரம்புகளுக்கு நடுவே உள்ள பகுதி வெளுக்கும். மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோயில் அப்படியே தலைகீழ்: நரம்பு மஞ்சளாகி வலை பின்னியதுபோல் தெரியும், நடுப்பகுதி பச்சையாக இருக்கும், பிறகுதான் முழு இலையும் காயும் வெளுக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மிளகாயில் இன்னும் குழப்பம். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன் சுரண்டியிருக்கலாம். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டு எலிவால்போல் ஆனால் சிலந்திப்பேன். இந்த இரண்டையும் 'வைரஸ் வந்துவிட்டது' என்று சொல்லிச் செடியையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் வகை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அதைக் கொல்லாது, அடிக்க அடிக்க அது பெருகவும் கூடும். நனையும் கந்தகம் போன்ற பேன்கொல்லிதான் வேலை செய்யும். நெல்லில் துங்ரோ என்ற வைரஸ் நோயையும் தழைச்சத்துக் குறைவையும் துத்தநாகக் குறைவையும் பிரித்தறிவது கஷ்டம். அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு, அதிகாலையில் இலை நுனியை வெட்டி அயோடின் கரைசலில் வைத்தால் துங்ரோ தாக்கிய இலையில் மாவுச்சத்து தேங்கியிருப்பதால் கருநீலக் கோடுகள் தெரியும். வெயில் ஏறிய பிறகு பறித்த இலையில் இதைச் செய்யாதீர்கள், நல்ல இலையிலும் அன்றைக்குத் தயாரான மாவுச்சத்து இருக்கும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். பப்பாளியில் வளையப்புள்ளி நோயைப் பரப்புவது அசுவினி. பலரும் அசுவினி என்றதும் இலையடியில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் பூச்சியைத் தேடுகிறார்கள், ஒன்றும் இல்லையென்றதும் குழம்புகிறார்கள். பப்பாளி அதற்கு வீடே அல்ல. பறந்து போகிற அசுவினி இறங்கி, ஊசிபோன்ற வாயால் இலைத்தோலை ஒருமுறை குத்திச் சுவை பார்க்கும், பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் போகும், அங்கேயும் குத்தும். இந்த வைரஸ் அதன் வாய்நுனியில் ஒட்டிக்கொள்ளச் சில நொடிகள் போதும், இறங்கவும் அவ்வளவே. நீங்கள் அடித்த மருந்து அதைக் கொல்வதற்குள் அது நான்கு மரத்தைக் குத்தி முடித்திருக்கும். மருந்தின் எரிச்சலில் இன்னும் வேகமாக மரம் தாவவும் வாய்ப்புண்டு. ஆகவே பப்பாளிக்கு வாரம் ஒருமுறை பூச்சிமருந்து அடித்து இந்த நோயைத் தடுக்கப் பார்ப்பது காசைக் காற்றில் விடுவது.

இந்த வைரஸின் ஒரு பலவீனம் நமக்கு வழியும் காட்டுகிறது. வாய்நுனியில் ஒட்டிய வைரஸ் சீக்கிரமே போய்விடும், வேறு செடியை இரண்டு மூன்று முறை குத்தினால் வாய் சுத்தமாகிவிடும். அதனால்தான் தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை நெருக்கமாகப் போடச் சொல்கிறார்கள். வருகிற அசுவினி முதலில் அதில் குத்தும். கன்று நட்ட பிறகு அல்ல, நடுவதற்கு ஒரு மாதம் முன்பே விதைத்துச் சோளம் உயரமாக நிற்க வேண்டும், இதைத் தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பப்பாளிக்கு நடுவே பூசணி, பீர்க்கு, தர்பூசணி ஊடுபயிராகப் போடுவது இன்னொரு தவறு. அந்தக் குடும்பத்துக்கும் இந்த வைரஸ் வரும், அசுவினியும் அதில் குடியிருக்கும். ஹவாய் தீவில் பப்பாளி விளையும் புனா பகுதிக்கு 1992இல் இந்த நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயுற்ற மரங்களை வெட்டிப் பார்த்தும் நிற்கவில்லை, கடைசியில் 1998இல் 'ரெயின்போ' என்ற மரபணு மாற்றிய ரகம் வந்த பிறகுதான் அங்கே பப்பாளி தலைதூக்கியது. அந்த வழி இந்தியாவில் நமக்கு இல்லை.

வெள்ளை ஈ கதை வேறு. வெண்டைத் தேமல், தக்காளி இலைச்சுருள், உளுந்து மஞ்சள் தேமல், மரவள்ளித் தேமல் எல்லாம் இதன் கைங்கரியம்தான். இது இலையடியில் நிதானமாக உட்கார்ந்து சாறு உறிஞ்ச வேண்டும், வைரஸ் அதன் உடலுக்குள் போய்ச் சுற்றி உமிழ்நீருக்கு வரப் பல மணி நேரமாகும், வந்துவிட்டால் நாள்கணக்கில் பரப்பிக்கொண்டே இருக்கும். இங்கே மருந்துக்கு நேரம் கிடைக்கிறது, ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் இரண்டு நாள் வயல் அமைதியாக இருக்கும், அப்புறம் வெள்ளை ஈ முன்பைவிட அதிகமாகக் கிளம்பும், ஏனென்றால் அதைத் தின்கிற பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் செத்திருக்கும். பருத்திக்காரர்கள் இதை எண்பதுகளிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தது, மருந்தை 'மாற்றி' அடிக்கிறோம் என்ற நினைப்பு. போன வாரம் இமிடாகுளோபிரிட், இந்த வாரம் தயாமீதாக்சம், அடுத்த வாரம் அசிட்டாமிபிரிட். பாட்டில் மாறியது, கம்பெனி மாறியது, குடும்பம் மாறவில்லை, மூன்றும் நியோநிகோடினாய்டு. ஒன்றுக்குப் பழகிய ஈ மற்றதையும் தாங்கப் பழகிவிடுகிறது. லேபிளில் அச்சிட்டிருக்கும் வேதிப்பெயரைப் படித்துப் பாருங்கள், மேலே பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயரை அல்ல. அப்புறம் மேலிருந்து தெளித்துவிட்டு வருவது: வெள்ளை ஈயின் முட்டையும் குஞ்சும் இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும், மருந்து அங்கே படவில்லையென்றால் அடித்ததே கணக்கில் இல்லை.

இலைப்பேனில் ஒரு விசித்திரம். தக்காளியில் நுனி கருகி, தண்டில் பழுப்புக் கோடு விழுந்து, பழத்தில் வளையம் வளையமாக வருகிற மொட்டுக்கருகல் நோயை இதுதான் பரப்புகிறது. ஆனால் குஞ்சுப் பருவத்தில் நோயுள்ள செடியில் தின்று வளர்ந்த இலைப்பேன் மட்டுமே வளர்ந்த பிறகு பரப்பும், அதுவும் சாகும்வரை. வளர்ந்த பிறகு முதல்முறையாக நோய்ச்செடியில் வாய் வைத்ததால் பரப்ப முடியாது. ஆகவே குஞ்சு வளர இடம் கொடுக்கும் செடிதான் இங்கே ஆபத்து: வரப்பில் நிற்கும் களை, அறுவடை முடிந்தும் பிடுங்காமல் விட்ட பழைய தக்காளி. 'இன்னும் இரண்டு கூடை பழம் வரும்' என்று பழைய பாத்தியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே புது நாற்று நடுவது, அந்த இரண்டு கூடைக்கு மொத்த நடவையும் பணயம் வைப்பது. வெள்ளை ஈக்கும் இது பொருந்தும்.

வாழையிலும் மரவள்ளியிலும் பூச்சியைவிட நம் கைதான் அதிகம் பரப்புகிறது. வாழைக் குருத்து கொத்தாகிப்போகும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோயை வாழை அசுவினி பரப்பும், உண்மைதான், ஆனால் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அதைக் கொண்டுபோவது லாரியில் ஏறும் பக்கக்கன்று. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையை எழுபதுகளில் நாசம் செய்தது இந்த நோய்தான். கன்று வாங்கும்போது தாய்மரத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இலைக்காம்பையும் நடுநரம்பின் அடிப்பக்கத்தையும் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், புள்ளியும் சிறு கோடுமாக அடர்பச்சைக் கீற்றுகள் விட்டுவிட்டு ஓடினால் அந்தக் கட்டையை விட்டு விலகுங்கள். குருத்தில் கொத்து வருமுன்பே இந்தக் கீற்று தெரியும். ஒரு மரத்துக்கு வந்தால் அந்தக் கிழங்கிலிருந்து வரும் கன்று எதுவும் உதவாது, 'இந்தக் கன்று நன்றாகத்தானே இருக்கிறது' என்று பிரித்து நடுவது வீண் ஆசை. அரிவாள் வழியாகப் பரவும் என்று பயந்து கத்தியை மட்டும் கழுவிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. இந்த வைரஸ் கத்தியில் பரவாது, கன்றிலும் அசுவினியிலும்தான். திசுவளர்ப்புக் கன்று என்றாலே சுத்தம் என்றும் இல்லை, தாய்ச்செடிக்கு வைரஸ் பரிசோதனை செய்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியில் இதே கதைதான். போன வருடத்துக் குச்சியையே வெட்டி நடுகிறோம், தேமல் உள்ள குச்சியிலிருந்து வரும் முதல் இலையே தேமலோடு வரும். நோய் இல்லாத செடியைப் பயிர் நிற்கும்போதே துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும்; இலை உதிர்ந்த பிறகு எல்லாக் குச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நோய்ச்செடியைப் பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. நேராகப் போய்ப் பிடுங்கி வரப்பில் வீசினால், அதில் உட்கார்ந்திருந்த ஈயெல்லாம் எழுந்து நல்ல செடிகளில் இறங்கும், வாழை என்றால் வாடுகிற மரத்தை விட்டு அசுவினி நடந்தே வெளியேறும். முதலில் அந்தச் செடிக்கும் சுற்றியுள்ளவற்றுக்கும் மருந்து, பிறகு பிடுங்கி மூட்டை கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது. பாதி வயலுக்கு மேல் பரவிய பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பயன் இல்லை.

நாற்றங்காலுக்குப் பச்சை நிழல்வலை கட்டிவிட்டு 'வலைக்குள்தான் வளர்த்தேன்' என்பார்கள். அது வெயிலைத்தான் தடுக்கும். வெள்ளை ஈ சுமார் ஒரு மில்லிமீட்டர், அந்த ஓட்டைகளில் தாராளமாகப் போய்வரும். 40 முதல் 50 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு அத்தனை ஓட்டை உள்ள பூச்சித்தடுப்பு வலைதான் வேண்டும், அதையும் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் கட்டாததும் ஒன்றுதான். இளஞ்செடியில் தொற்றினால் காயே இருக்காது, பூத்த பிறகு வந்தால் ஓரளவு தேறும், அதனால் முதல் மாதக் காவலுக்குத்தான் காசு செலவிட வேண்டும்.

ரகத்தைப் பற்றி ஒன்று. பர்பானி கிராந்தி, அர்கா அனாமிகா இரண்டும் மஞ்சள் தேமலைத் தாங்கும் என்று வந்த வெண்டை ரகங்கள், நாளடைவில் அவற்றிலும் தேமல் வந்தது, ஏனென்றால் வைரஸும் மாறுகிறது. விதைப் பையில் 'தாங்கும்' என்று போட்டிருந்தால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை, வந்தாலும் ஓரளவு காய்க்கும் என்பதுதான். அப்படிப்பட்ட செடி உங்கள் வயலில் பச்சையாக நின்றுகொண்டே பக்கத்து வயலுக்கு வைரஸைக் கொடுக்கவும் செய்யும். விதை வாங்கும் முன் அதே ரகத்தை உங்கள் பக்கத்து ஊர்களில் இந்தக் கோடையில் போட்டவரிடம் கேளுங்கள், ஏனென்றால் வெள்ளை ஈ பெருகுவது கோடையில்தான், மழைக்காலத்தில் நன்றாக வந்த ரகத்தை வைத்துக் கோடைக்கு முடிவெடுக்க முடியாது.