ஈயக்குண்டு அச்சு வாங்குமுன் போன் டார்ச்சால் பாருங்கள்

தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்க அலுமினிய அச்சு வாங்கப் போகிறீர்களா? இரண்டு பாதியையும் இறுக்க மூடி, பின்பக்கம் போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். பொருத்தில் வெளிச்சம் பட்டையாகத் தெரிந்தால் அந்த அச்சு வேண்டாம், எவ்வளவு மலிவென்றாலும் சரி.

ஈயம் 327 பாகையில் உருகி, தண்ணீர் மாதிரி ஓடும். இடைவெளி இருந்தால் அதற்குள் புகுந்து, குண்டின் ஓரத்தில் பிசிறாகப் படியும். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவ வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கூர் தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) உராய்ந்து உராய்ந்தே அறுத்துவிடும். பாறைத் தளத்தில் மீன் இழுக்கும்போது குண்டும் போச்சு, மீனும் போச்சு.

மயிர் போன்ற கீறல்களில் வெளிச்சம் தெரிந்தால் பயமில்லை, அவை காற்றுப் போக விட்ட வழி. மணல், பிளாஸ்டர் அச்சுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. முதல் நாலைந்து குண்டு மேலே சுருக்கம் விழுந்து வந்தாலும் அச்சைக் குறை சொல்லாதீர்கள், அது அச்சில் சூடு போதாததால் வருவது.

திருகோணமலையில் வாடை தொடங்கி கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் பலர் கரையில் இருந்து வார்க்கிறார்கள். அப்போது காற்றே ஈரம். ஒரு துளி நீர் அச்சில் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். எனவே அச்சை நன்றாகச் சுடவைத்து உலர்த்திய பிறகே ஊற்றுங்கள். வெளியில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், சமையலுக்கு இனி எடுக்காத இரும்புச் சட்டியில்.