வேரை இழுக்காத பாக்ஸ் பிரெய்ட்: எதைக் கேட்டுப் போட்டுக்கொள்வது?

இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க வகை முடியில் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்காது. முடி காய்ந்து, வளைகிற இடங்களிலெல்லாம் உடையும். சீப்பு படாமல் சில வாரம் நுனியைப் பொத்திவைக்கத்தான் பாக்ஸ் பிரெய்ட் என்ற இந்தப் பாதுகாப்புப் பின்னல்: தலை முழுக்கச் சதுரம் சதுரமாக வகிடெடுத்து, சேர்ப்பு முடியோடு தனித்தனியாகப் பின்னுவது. நம் சவுரியை இரவில் கழற்றிவிடலாம். இதிலோ சேர்க்கும் முடி ஆறு வாரம் தலையிலேயே தொங்கும். ஆகவே படத்தைப் பார்த்து மயங்கும் முன், உங்கள் வேர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பாருங்கள்.

வழக்கமான பாக்ஸ் பிரெய்ட்டில் சேர்க்கும் முடியை வேரிலேயே முடிச்சாகப் பிடித்துப் பின்னத் தொடங்குவார்கள். முதல் நாளே முழுப் பாரமும் வேரில் விழும். நாட்லெஸ் (முடிச்சில்லாத) முறையில் சொந்த முடியை மூன்று காலாகப் பிரித்துச் சிறிது பின்னிய பிறகே மெல்லிய இழைகளாகச் சேர்த்துக்கொண்டு போவார்கள். நேரமும் கூலியும் கூடும், வேர்ப்பகுதி சீக்கிரம் தளரும். இருந்தாலும் நெற்றியோர முடி மெலிந்தவர்களும் முதல்முறை போடுபவர்களும் இதையே கேளுங்கள். செனகலீஸ் ட்விஸ்ட் இரண்டு கால் முறுக்கு: அவிழ்ப்பது எளிது, நழுவுவதும் எளிது.

'பாக்ஸ்' என்பது வகிடு எடுக்கும் சதுரம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சின்னச் சதுரத்தில் தடித்த பின்னலைத் தொங்கவிட்டால் கொஞ்ச முடி பெரிய பாரத்தைச் சுமக்கும். சுமார் 2 செ.மீ. சதுரமும் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த பின்னலும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். இடுப்பைத் தாண்டும் நீளம் வேண்டாம். குளித்தால் ஈரத்தில் இன்னும் கனக்கும். முதல்முறைக்கு முதுகின் நடுப்பகுதி போதும். நெற்றியோரக் குட்டை முடியைப் பின்னலுக்குள் இழுக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

சொந்த முடி 8–10 செ.மீ. இருந்தால் பிடி கிடைக்கும். கேனக்கலான் போன்ற செயற்கை முடியில், நுனி முன்பே மெலிதாக்கிய ப்ரீ-ஸ்ட்ரெச்ட் வகையாக வாங்குங்கள். மேலே சொன்ன தடிமனுக்கும் நீளத்துக்கும் 5 முதல் 8 பாக்கெட் ஆகும். நிறம் மாறாமலிருக்க எல்லாவற்றையும் ஒன்றாகவே வாங்கிவிடுங்கள். செயற்கை முடி அரித்தால் பெரும்பாலும் அதன் பூச்சுதான் காரணம். ஒரு பங்கு ஆப்பிள் சிடர் வினிகர், மூன்று பங்கு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் வெள்ளையாக மிதந்து வரும். நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள்.

முந்தின நாளே தலையை அலசிச் சிக்கெடுத்துக் காயவைத்துவிடுங்கள். ஈர முடி நீண்டிருக்கும்; அப்படியே பின்னினால் காயும்போது சுருங்கி வேரை இறுக்கும்.

பின்னும்போதே வலித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று வலிமாத்திரை போட்டுப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. புருவம் இழுபடுவதும், வேரைச் சுற்றி வெண்கொப்புளம் கிளம்புவதும் அதிக இறுக்கத்தின் அடையாளம். அந்தப் பின்னல்களை அன்றே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோரம் வழுக்கையாகும். தொடக்கத்திலேயே இறுக்கிப் பின்னுவதை நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும். வேர் தழும்பாகிவிட்டால் வராது. ரசாயனத்தால் நேராக்கிய முடிக்கும், பிரசவத்துக்குப் பின் கொட்டிக்கொண்டிருக்கும் முடிக்கும் இப்போதைக்குச் சேர்ப்பு முடியே வேண்டாம்.

இரவில் சாட்டின் துணி கட்டுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை நீர்த்த ஷாம்புவால் வகிடுகளை மட்டும் தேய்த்து அலசுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் நாற்றமெடுக்கும்.

6 முதல் 8 வாரத்தில் அவிழ்த்துவிட வேண்டும். சொந்த முடி முடியும் இடத்துக்கு நன்றாகக் கீழே வெட்டி, கையால் பிரியுங்கள். கொத்தாக முடி வந்தால் பதறாதீர்கள்: தினமும் 50–100 முடி உதிர்வது இயல்பு, ஆறு வாரத்து உதிர்வு முழுவதும் பின்னலுக்குள் சிக்கியிருந்தது இப்போதுதான் வெளியே வருகிறது. வேரடியில் படிந்த அழுக்கை விரலால் பிரித்து, சிக்கெடுத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். முதலிலேயே நனைத்தால் உதிர்ந்த முடியும் அழுக்கும் சேர்ந்து சடைபிடித்து, கத்தரியால்தான் பிரிக்க வேண்டிவரும்.