மூன்று புள்ளியில் போன ஆட்டமும் மூன்று நாள் வாய்ச்சண்டையும்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றவனைக் கலாய்ப்பதில் சுவை கிடையாது. அவன் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பான். மூன்று புள்ளியில் தோற்றவன்தான் தூங்க மாட்டான். அவனிடம் நடுவர் இருப்பார், காற்று இருக்கும், "அந்த ஒரு பந்து" இருக்கும். ஜெயித்தவனிடமும் கொஞ்சம் பயம் மிச்சமிருக்கும், எப்படித் தப்பித்தோம் என்று அவனுக்கும் தெரியுமே. அமெரிக்கக் கால்பந்தின் பிளேஆஃப் என்னும் சீசன் இறுதிச் சுற்றுகள் நடக்கும் ஜனவரி மாதத்தில் நண்பர்களுக்குள் மூளும் வாய்ச்சண்டைக்கு இந்த இரண்டும்தான் விறகு.

இந்த விளையாட்டில் ஏழு ஆட்டத் தொடர் என்றெல்லாம் கிடையாது. 2020 சீசனிலிருந்து என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் பிளேஆஃபுக்கு 14 அணிகள் வருகின்றன. ஒரே ஆட்டம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் ஒரு சின்ன நழுவல்கூட மலையளவு தெரிகிறது. ரசிகர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மொத்த ஆட்டத்தையும் ஒரே நொடிக்குள் அடைப்பது

2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். செயின்ட்ஸும் ராம்ஸும் 20-20 என்று சமநிலையில் இருக்கின்றன, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதி. பந்து வந்து சேரும் முன்பே ராம்ஸின் தடுப்பாட்டக்காரர் செயின்ட்ஸ் வீரர் மீது போய் மோதினார். தவறு நடந்தால் நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லை. அது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, லீகும் பிறகு ஒப்புக்கொண்டது. கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடிகளில் ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடித்து வென்றிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

இவ்வளவும் உண்மை. ஆனால் "நடுவர் ஆட்டத்தைத் திருடிவிட்டார்" என்பதோடு பேச்சை முடிப்பவர்கள் மிச்சக் கதையை விட்டுவிடுகிறார்கள். செயின்ட்ஸ் அந்த ஆட்டத்தில் முதலில் 13-0 என்று முன்னிலை பெற்றிருந்தது. அந்தத் தவறுக்குப் பிறகும் ஃபீல்டு கோல் அடித்து 23-20 என்று முந்தியது. அதைக் காப்பாற்ற முடியாமல் ராம்ஸைச் சமன் செய்ய விட்டது. கூடுதல் நேரத்தில் டாஸ் வென்று பந்தைக் கையில் வாங்கியதும் செயின்ட்ஸ்தான். அப்புறம் செயின்ட்ஸின் டிரூ பிரீஸ் எறிந்த பந்தை ராம்ஸ் பிடித்துக்கொள்ள, அந்த அணியின் கிரெக் சூர்லைன் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 26-23 என்று முடித்துவைத்தார். நடுவரைத் திட்டுங்கள், தப்பே இல்லை. கூடவே மற்ற நான்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவன் நிச்சயம் வைத்திருப்பான்.

இதே தவறின் இன்னொரு முகம் புள்ளிகளைக் கூட்டிக் கழிப்பது. 2024 ஜனவரி 28 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் இடைவேளையில் 24-7 என்று முன்னிலையில் இருந்து, கடைசியில் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸிடம் 34-31 என்று தோற்றது. பயிற்சியாளர் டான் கேம்பல் இரண்டாம் பாதியில் இரண்டு முறை ஃபீல்டு கோலை வேண்டாம் என்று விட்டு, கடைசியான நான்காவது முயற்சியிலும் முன்னேறப் பார்த்தார். இரண்டும் பலிக்கவில்லை. உடனே கணக்கு வந்துவிட்டது: "மூணும் மூணும் ஆறு, 37-34, நாமதான் ஜெயிச்சிருப்போம்!"

இந்தக் கணக்கு கடைக் கணக்குக்குச் சரி. ஆட்டத்துக்குச் சரிவராது. அந்த இரண்டு உதையும் 45 யார்டுக்கு மேல், உள்ளே போயிருக்கும் என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை. போயிருந்தாலும் நைனர்ஸ் அதே மாதிரி ஆடியிருக்காது. பின்தங்கியவன் ஆடும் விதம் வேறு, சமநிலையில் ஆடுவது வேறு. ஸ்கோர் மாறினால் அடுத்து வரும் ஒவ்வொரு முடிவும் மாறும். நடந்த ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் மூன்றைச் செருக முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. சீசன் முழுக்க இதே துணிச்சலுக்காக கேம்பலைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள் அன்று இரவே "இவனுக்கு மூளை இல்லை" என்றார்கள். பலித்தால் வீரம், பலிக்காவிட்டால் மடத்தனம் என்று பேசுகிறவனைக் கலாய்ப்பதைப் போல எளிதான வேலை உலகில் கிடையாது.

சியாட்டில் சீஹாக்ஸ் ரசிகர்களிடம் இதையே கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம். பேட்ரியட்ஸ் 28-24 என்று முன்னிலை. பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. சீஹாக்ஸுக்கு அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு, 26 நொடி, கையில் ஒரு டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு). மார்ஷான் லின்ச் கையில் பந்தைக் கொடுத்து இடித்துக்கொண்டு போகச் சொல்லாமல், எறியச் சொன்னார்கள். பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார். "ஓடியிருக்கலாமே" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் ஓடி நின்றுவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்து பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஒரே டைம்அவுட்டை வைத்துக்கொண்டு மூன்று முறையும் ஓடிப் பார்ப்பதற்கு நேரம் பத்தாது. எறிந்ததுதான் சரி என்று நான் வாதாட வரவில்லை, லின்ச்சிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. காரணமே இல்லாமல் செய்தார்கள் என்று சொல்வதுதான் தவறு.

கிக்கர் தலையில் போடுவது

கடைசியாக உதைப்பவன்மீதுதான் எல்லார் கண்ணும் இருக்கும், அதனால் பழியும் அவனுக்கே. 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் பஃபலோ பில்ஸ் 20-19 என்று ஜயன்ட்ஸிடம் தோற்றது. ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப் போனது. அன்று 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கும் மேல் பந்து ஜயன்ட்ஸ் கையிலேயே இருந்தது. அதைத் தடுக்க முடியாத அணியின் தோல்விக்கு ஒரு கால் மட்டும் எப்படிப் பொறுப்பாகும்? இதைப் பஃபலோ ரசிகர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். மறுநாள் ஊரில் நடந்த வரவேற்பில் நார்வுட்டின் பெயரைச் சொல்லி அழைத்து ஆரவாரம் செய்தார்கள்.

எதிரணி ரசிகர்கள் அவசரப்பட்டுச் சிரிப்பதும் உண்டு. 2019 ஜனவரி 6 அன்று சிகாகோ பேர்ஸின் கோடி பார்க்கி 43 யார்டிலிருந்து உதைத்த பந்து இடது கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியிலும் பட்டு வெளியே விழுந்தது. ஈகிள்ஸ் 16-15 என்று வென்றது. இரவு முழுக்க அந்த இரண்டு 'டங்' சத்தத்தை வைத்துக் கிண்டல். மறுநாள் லீக் அதை "தடுக்கப்பட்ட உதை" என்று பதிவில் மாற்றியது, ஈகிள்ஸ் வீரர் ஒருவரின் விரல் பந்தில் பட்டிருந்தது. பார்க்கி சொதப்பினார் என்று சிரித்த ஈகிள்ஸ் ரசிகர்கள், தங்கள் ஆளின் சாதனையைத்தான் ராத்திரி முழுக்க மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

விதி தெரியாமல் வாதாடுவது

இதில் டாஸ் சண்டைதான் மிகப் பெரியது. 2022 ஜனவரி 23 அன்று பில்ஸும் சீஃப்ஸும் ஆடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வழக்கமான நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரண்டு அணியும் சேர்ந்து 25 புள்ளிகள். 13 நொடி மீதியிருக்கும்போது பில்ஸ் மூன்று புள்ளி முன்னிலை. அந்த 13 நொடியில் சீஃப்ஸ் இரண்டே எறிதலில் முன்னேறி ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் டாஸ் வென்று, நேராகப் போய் டச்டவுன் போட்டு, 42-36. முதலில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்பது அன்றைய விதி. பில்ஸின் ஜோஷ் ஆலனுக்குக் கூடுதல் நேரத்தில் பந்தே கிடைக்கவில்லை.

"டாஸ்லதான் ஜெயிச்சீங்க" என்று சீஃப்ஸ் ரசிகரைச் சீண்டுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, இதே விதியால் மூன்று வருடம் முன்பு பேட்ரியட்ஸிடம் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடாமலே தோற்றதும் சீஃப்ஸ்தான். அதன் பிறகு விதியை மாற்றச் சொல்லிக் கேட்டதும் அவர்கள்தான், அப்போது எடுபடவில்லை. இரண்டு, பில்ஸை வென்ற அடுத்த வாரமே பெங்கால்ஸுக்கு எதிராகவும் டாஸ் வென்றார்கள். அவர்களின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து பறிபோய் 27-24 என்று தோற்றார்கள். டாஸே எல்லாம் என்றால் அது எப்படி நடந்தது?

2022 சீசனிலிருந்து பிளேஆஃபில் இரண்டு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. இன்னும் பழைய விதியை வைத்துக்கொண்டு கத்துகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கூடுதல் நேரத்துக்குப் போய் நைனர்ஸ் 25-22 என்று தோற்றபோது, புதிய விதி தங்களுக்குத் தெரியாது என்று அந்த அணியின் வீரர்கள் சிலரே சொன்னார்கள்.

நடுவர் விஷயத்தில் ஞாபகமறதி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல். 2002 ஜனவரியில் பனி கொட்டும் இரவில் பேட்ரியட்ஸின் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்து நழுவியது. ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டது. ரீப்ளே பார்த்து, அது நழுவல் இல்லை, எறிதல்தான் என்று தீர்ப்பை மாற்றினார்கள், பேட்ரியட்ஸ் 16-13 என்று வென்றது. அன்றைய விதிப்புத்தகப்படி தீர்ப்பு சரி, விதிதான் விசித்திரமானது. 2013-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். "நடுவர் ஏமாற்றினார்" என்பதும் "விதி கிறுக்குத்தனமாக இருந்தது" என்பதும் வேறு வேறு புகார்கள். இரண்டாவதைச் சொன்னால் எதிராளியும் தலையாட்டுவான்.

டல்லஸ் கவ்பாய்ஸ் ரசிகர்களோ 2015 ஜனவரி 11-ஐ விடவே மாட்டார்கள். பேக்கர்ஸுக்கு எதிராக டெஸ் பிரையன்ட் பிடித்த பந்தை, ரீப்ளே பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றார்கள். 26-21 தோல்வி. பந்தைப் பிடிப்பது என்றால் என்ன என்ற விதியையே 2018-இல் திருத்தி எழுதினார்கள், ஆக அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு லயன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கவ்பாய்ஸ்மீது விழுந்த கொடியை, தவறு இன்னதென்று மைக்கில் அறிவித்த பிறகும் நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கவ்பாய்ஸ் 24-20 என்று வென்று அடுத்த சுற்றுக்கு வந்தது. டெட்ராய்ட்காரன் ஒருவன் அறையில் இருந்தால் பிரையன்ட் பேச்சை எடுக்காமலிருப்பது நல்லது.

முடிவதற்குள் கொண்டாடுவது

28-3 என்றால் போதும், அட்லான்டா ஃபால்கன்ஸ் ரசிகர் முகம் சுருங்கிவிடும். 2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் மூன்றாம் கால்பகுதியில் அந்த முன்னிலை இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது. பேட்ரியட்ஸ் ரசிகரான நண்பனுக்கு அன்று "போய்த் தூங்குடா" என்று செய்தி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இன்றுவரை என் பிறந்தநாளுக்கு அவனிடமிருந்து வருவது அதே இரண்டு வார்த்தை. 1993 ஜனவரியில் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் 35-3 என்ற நிலையிலிருந்தே தோற்றிருக்கிறது, 2014 ஜனவரியில் சீஃப்ஸ் 38-10 என்ற நிலையிலிருந்து. பெரிய முன்னிலை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். அவ்வளவுதான்.

ஆட்டத்தை விட்டு ஆள்மீது பாய்வது

2012 ஜனவரியில் ஜயன்ட்ஸிடம் நைனர்ஸ் 20-17 என்று தோற்ற பிறகு, பந்தைத் தவறவிட்ட நைனர்ஸ் வீரருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதைக் கேலி என்று யாரும் சொல்ல முடியாது. காயம், குடும்பம், உடம்பு, நிறம் இவற்றைத் தொட்டால் சண்டை விளையாட்டைப் பற்றியதாக இருக்காது. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பதை நிறுத்திவிட்டால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

சீண்டலையே நல்ல விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அந்த 13 நொடி ஆட்டத்தையே சொல்லலாம். அது முடிந்ததும் சீஃப்ஸ் ரசிகர்கள் பஃபலோவிலுள்ள ஓய்ஷெய் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை அனுப்பினார்கள், ஆளுக்கு 13 டாலர். குத்தலும் அதுதான், கும்பிடும் அதுதான். தோற்றவன் கோபப்படவும் முடியாது.

தோற்றவர்களுக்கும் ஒன்று: "நாங்க சரியா ஆடவே இல்ல, அதனாலதான்" என்ற வசனத்தைத் தவிர்க்கலாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உரை கிடையாது.

ஜெயித்தவர்கள் மறப்பது நாட்காட்டியை. 2018 ஜனவரி 14 அன்று செயின்ட்ஸ் 24-23 என்று முன்னிலை பெற்றிருந்தபோது அதன் பயிற்சியாளர் ஷான் பேட்டன், மின்னசோட்டா வைக்கிங்ஸ் ரசிகர்கள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டும் பழக்கத்தை அவர்களைப் பார்த்தே செய்துகாட்டிக் கிண்டலடித்தார். கொஞ்ச நேரத்தில் கடைசிப் பந்தில் ஸ்டெஃபான் டிக்ஸ் 61 யார்டு டச்டவுன் போட, 29-24 என்று வைக்கிங்ஸ் ஜெயித்தது. வைக்கிங்ஸ் ரசிகர்கள் அந்த வாரம் முழுக்க அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஈகிள்ஸுடன் ஆட்டம். 38-7 என்று தோற்றார்கள். செயின்ட்ஸ் ரசிகர்கள் பதிலுக்கு அந்த ஸ்கோரை மட்டும் அனுப்பினால் போதுமாக இருந்தது.