ஆற்றுக்குள் டென்ட் அடிக்காதீர்கள்: ஆற்றங்கரையில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நான்கு பையன்கள் வந்தார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். ஊத்துக்கோட்டைக்கும் பெரியபாளையத்துக்கும் நடுவே ஆரணி ஆற்றை ஒட்டி இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கப் போகிறார்களாம். "பிளானை ஒருவாட்டி பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று போனை நீட்டினார்கள். மேப்பில் குறி வைத்திருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆற்றுக்கு நட்டநடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மணல் திட்டு. கிளம்புகிற தேதியோ ஐப்பசி இரண்டாம் வாரம்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன்பு நானும் என் நண்பர்களும் இதே ஆற்றில், இதே மாதத்தில், இப்படி ஒரு திட்டைத்தான் தேடிப் பிடித்தோம்.

அதற்கப்புறம் கொசஸ்தலை, ஆரணி என்று இரண்டு ஆறுகளையும் ஒட்டிப் பலமுறை தங்கியாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பையன்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கக்கூடாது, குப்பையை விட்டுவிட்டு வரக்கூடாது, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

நம் தலைக்கு மேல் மழை இல்லை என்றால் ஆறும் சும்மா இருக்கும் என்று நினைப்பது

மணல் திட்டு ஏன் எல்லோரையும் இழுக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். மேடு பள்ளம். ஆற்றுப் படுகையோ சமமாக, மெத்தை மாதிரி இருக்கும். காற்று வரும், வானம் முழுக்கத் தெரியும், போட்டோவும் நன்றாக வரும். நாங்களும் அப்படித்தான் மயங்கினோம்.

நான்கு பேர், இரண்டு பைக். அதில் ஒன்று வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத புது வண்டி, கடனில் எடுத்தது. கரையை ஒட்டிக் கணுக்கால் அளவுக்கு ஒரு சிற்றோடை போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டி வண்டிகளைத் திட்டுக்கே தள்ளிக்கொண்டு போனோம். சென்னையில் இரண்டு நாளாக நல்ல வெயில். சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் விட்டுவிட்டு மின்னியது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரவு ஒன்றரை மணி இருக்கும். வெளியே போய்விட்டு வந்த நண்பன், "டேய், தண்ணி சத்தம் கேக்குதுடா" என்றான். டார்ச்சை அடித்துப் பார்த்தோம். நாங்கள் நின்ற மணல் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் சாயங்காலம் கணுக்கால் அளவுக்கு இருந்த அந்த ஓடை, நுரையும் வைக்கோலுமாகச் செம்மண் நிறத்தில் தொடை அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மணல் திட்டுதான் படுகையிலேயே மேடான இடம். கரையை ஒட்டிய வாய்க்கால்தான் பள்ளம். தண்ணீர் முதலில் அங்கேதான் நிரம்பும். டென்டுக்குள் ஈரம் வரும்போது விழித்துக்கொள்ளலாம் என்று படுத்திருப்பவன், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தீவில் மாட்டிக்கொண்டிருப்பான்.

கையைக் கோத்துக்கொண்டு, நீச்சல் தெரியாதவனை நடுவில் விட்டுக் கடந்தோம். டென்ட், பை, வண்டிகள் எல்லாம் அங்கேயே. விடிந்து பார்த்தால் திட்டே இல்லை. பழைய பைக் இரண்டு நாளில் கிடைத்தது. புது வண்டியை நான்கு நாள் கழித்துக் கீழே ஒரு கிராமத்துக்காரர்கள் கோரைப் புதரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். எஞ்சின் முழுக்க மணல். அதற்கான தவணையை நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு வருடம் கட்டினோம். டென்ட் வாடகைக்கு எடுத்தது, அந்தப் பணமும் போனது. காலையில் டீக்கடைக்காரர், "நாகலாபுரம் மலையில நேத்து ராத்திரி பூரா மழையாச்சே, தெரியாதா தம்பி?" என்று கேட்டார். தெரியாது.

ஆரணி ஆறு ஆந்திர மலைகளிலிருந்து வருகிறது. பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி தாண்டித்தான் ஊத்துக்கோட்டைக்குள் நுழைகிறது. அப்புறம் பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. கொசஸ்தலையும் அப்படித்தான். ஆந்திராவில் அம்மபள்ளி அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் தண்ணீர் ஏறும், பூண்டி ஏரிக்கு வரும். பூண்டி நிரம்பி உபரி நீர் திறந்தால் தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் அது நம் பிரச்சினை. 2021 நவம்பரில் மணலி புதுநகரில் வீடுகளுக்குள் புகுந்தது அந்தத் தண்ணீர்தான். "ஆறு செத்துப்போச்சு, மணல்தான் கிடக்கு" என்று சொல்கிறவர்கள் ஒருமுறை மணலி புதுநகருக்குப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

செய்தியில் "ஆயிரம் கன அடி திறப்பு" என்று வரும்போது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் கன அடி என்றால் நொடிக்கு 28,000 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வருகிற 9,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று லாரித் தண்ணீர் ஒவ்வொரு நொடியும் உங்களைத் தாண்டிப் போகிறது. வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கார்களையே நகர்த்திவிடும்.

கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள், உண்மைதான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊருக்குள் வரும். ஆனால் அது ஊர்க்காரர்களுக்கு. படுகைக்குள் டென்ட் போட்டு நான்கு பேர் தூங்குகிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது எதற்கென்றால், இதைச் சொன்னவுடன் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதற்குத்தான்: "ஆப்ல மழை இல்லைன்னுதானே போட்டிருக்கு அண்ணா." எந்த ஊருக்குப் பார்த்தாய்? பெரியபாளையத்துக்கு. பெரியபாளையத்தில் பெய்யும் மழையா அந்த ஆற்றை நிரப்புகிறது? ஆரணிக்குப் போனால் பிச்சாட்டூரையும் நாகலாபுரத்தையும் பாருங்கள். இரண்டும் இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. கொசஸ்தலைக்குப் போனால் நகரி, பள்ளிப்பட்டு, கூடவே பூண்டியின் நீர்மட்டம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். பிச்சாட்டூர் ஏரியோ பூண்டியோ நிரம்பும் நிலையில் இருந்தால், மழை இல்லாவிட்டாலும் அந்த வாரம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் கரையோர மரங்களின் கிளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் எந்த உயரத்தில் சிக்கித் தொங்குகின்றனவோ, போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. டென்ட் அதற்கும் மேலே இருக்க வேண்டும், ஏறி ஓட வழியும் இருக்க வேண்டும். அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால் ஆறு எதுவரைக்கும் ஏறும் என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். இருட்டுவதற்கு முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, தூங்கப் போகும்போது ஒருமுறை பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, ஆட்களும் போனும் செருப்பும் மட்டும் மேலே போக வேண்டும். டென்டைக் கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள்.

மேற்கே மின்னினால் அன்றிரவு கரையில்கூட ஆற்றை ஒட்டிப் படுப்பதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

மாதம் பார்க்காமல் தேதி குறிப்பது

தை, மாசி. அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் இருக்கும், இரவு குளிரும், வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும். பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது. ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஆடி ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் சாலை

பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி நகராது. வேறு வாரம் பாருங்கள்.

கரை யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பது

மேப்பில் பச்சையாகத் தெரிவதெல்லாம் புறம்போக்கு இல்லை. ஆரணிக் கரையில் பாதிக்கு மேல் யாரோ ஒருவரின் மாந்தோப்பாகவோ நெல் வயலாகவோதான் இருக்கும். இருட்டில் டார்ச்சோடு நான்கு பேர் நடமாடினால் மோட்டார் திருட வந்தவர்கள் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். ஒரு வாரம் முன்பே பகலில் போய்த் தோப்புக்காரரைப் பார்த்துப் பேசுங்கள். நான் கேட்டு இல்லை என்றவர்கள் மிகக் குறைவு. பம்ப்செட் தண்ணீரும் கயிற்றுக் கட்டிலும் கிடைக்கும். ராத்திரி ஏதாவது என்றால் கூப்பிட ஒரு ஆளும் இருப்பார்.

என் ஆயா சின்ன வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் போன கதையைச் சொல்லும். பொங்கல் வைத்து, ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள்தான் திரும்புவார்களாம். தங்குவது எப்போதும் மேலே தோப்பில், மரத்தடியில். மாட்டைக்கூட ஆற்றுக்குள் கட்ட மாட்டார்களாம்.

பூண்டிக்கு மேற்கே குடியம் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. அது காப்புக்காடு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதை வனத்துறை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரவு தங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். பகலில் அனுமதியோடு போய் வாருங்கள். பூண்டியில் தொல்பழங்காலக் கற்கருவிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் ஊர் ஆற்றங்கரையில் அத்தனை காலமாக மனிதன் நடமாடியிருக்கிறான். அதைத் தெரிந்துகொண்டு ஆற்றைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

"முழங்கால் தண்ணிதான்" என்று இறங்குவது

மணல் அள்ளிய பள்ளங்கள் இரண்டு ஆற்றிலும் இருக்கின்றன. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு அடி முழங்கால், அடுத்த அடி ஆள் ஆழம். பள்ளத்தின் ஓரம் காலுக்குக் கீழே சரிந்துகொண்டே போவதால் நீச்சல் தெரிந்தவனுக்கும் ஏற முடியாது. அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடம் இன்னும் மோசம், அங்கே தண்ணீர் சுழற்றி உள்ளே இழுக்கும். குளிக்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் குளியுங்கள். இல்லையென்றால் பம்ப்செட்.

வெறும் தரையில் படுப்பது

புழுக்கமாக இருக்கிறதென்று டென்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, அதனால் பலர் எறும்பு என்று நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுகிறார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாக மூடுவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியில் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊத்துக்கோட்டை, பொன்னேரி, திருவள்ளூர் மூன்றில் எது பக்கம் என்று கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். டென்ட் ஜிப்பை முழுக்க மூடிப் படுங்கள், இல்லையென்றால் கட்டிலும் கொசுவலையும். காலையில் ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள்.

டென்டுக்குள் அடுப்பு

வேண்டவே வேண்டாம். மழை பெய்தாலும் வேண்டாம். மூடிய டென்டுக்குள் அடுப்போ கரியோ எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்கியவன் எழுந்திருக்க மாட்டான்.

ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்பது

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் ரசாயனமும் போகாது. வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே கொசஸ்தலையில் கடல் நீர் ஏறும். அந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. அங்கே பாத்திரம் கழுவக்கூட அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கேனில் எடுத்துப் போங்கள். சமையலுக்கும் சேர்த்து அது சரியாக இருக்கும்.

லொகேஷன் அனுப்பியாச்சு என்று விட்டுவிடுவது

சில இடங்களில் சிக்னல் இருக்காது, இரண்டாம் நாள் போனில் சார்ஜும் இருக்காது. ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள்: கிராமத்தின் பெயர், தோப்புக்காரரின் நம்பர், கூட வருகிறவர்களின் வீட்டு நம்பர்கள், திரும்பும் நாளும் நேரமும். அந்த நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் காலண்டர் ஆணியில் தொங்கும்.

அந்த நான்கு பையன்களும் தேதியைத் தை மூன்றாம் வாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இடம் இன்னும் முடிவாகவில்லை. பெரியபாளையத்துக்கு மேற்கே எனக்குத் தெரிந்த ஒரு மாந்தோப்பு இருக்கிறது, ஆற்றைவிட நல்ல உயரம். அடுத்த ஞாயிறு காலை ஐந்து பேருமாகப் போய்த் தோப்புக்காரரைப் பார்க்கப் போகிறோம்.