மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டம் முன்பு யாருடையது? தேடிப் பார்க்கும் வழி

கையில் இருக்கிற கடைசி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) இருந்து தொடங்குங்கள். பூட்டனுக்கு வெள்ளைக்காரத் துரை சும்மா எழுதிக் கொடுத்த தோட்டம் என்று வீட்டில் ஒரு கதை இருக்கும், உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் காணிப் பதிவகத்தில் கதையைக் கொடுத்துத் தேட முடியாது. உறுதியில் பதிவக முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் சாய்கோடு போட்ட இரண்டு எண்களும் இருக்கும். அந்தக் காணிக்குரிய புத்தகமும் பக்கமும் அதுதான். பணம் கட்டி அந்தப் பக்கத்தைப் பார்வையிட்டால் விற்றவர், வாங்கியவர், ஈடு வைத்தவர் எல்லாரும் வரிசையாக வருவார்கள். பக்கம் எங்கிருந்து வந்தது, நிரம்பியபின் எங்கே போனது என்ற குறிப்பும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போக வேண்டும். பெயர், திகதி, உறுதி இலக்கம், நொத்தாரிசு யார், எத்தனை பங்கு, இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம்: பெண்களின் பெயரைத் தேடுங்கள். நான் அப்பப்பாவின் பெயரை வைத்து இரண்டு நாள் மினக்கெட்டேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் பார்த்தால் காணி அப்பாச்சிக்கு அவவின் தாய் கொடுத்த சீதனம், அப்பப்பா பார்த்துப் பராமரித்தவர் மட்டும்தான். மட்டக்களப்பில் வீடும் வளவும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போவது பழைய வழக்கம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் இங்கே செல்லாது, இங்கே முன்பு இருந்தது முக்குவர் சமூகத்தின் வழக்கம், அதில் பரம்பரைச் சொத்து தாய்வழியாக இறங்கியது. அதனால் முதலில் ஒரு வம்சாவழி வரைந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் கல்யாணத்துக்கு முந்திய பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 5/48 பங்கு என்று உறுதியில் கண்டு திகைப்பவர்களுக்கும் அந்தப் படம்தான் கணக்கை விளங்கவைக்கும்.

தோட்டம் பெரிதென்றால் ஆரம்பம் பெரும்பாலும் முடிக்குரிய காணியாக, அதாவது அரசாங்கக் காணியாக இருக்கும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசும் எதிராக நிரூபிக்கும்வரை முடிக்குரியவை என்றது. அப்படி எடுத்த நிலத்தை அரசாங்கம் விற்றது, இந்தக் கரையில் ஐரோப்பியர் தென்னை வைத்தார்கள். அந்த விற்பனைக்கு நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் இருக்கும், இலக்கம் தெரிந்தால் பிரதி எடுக்கலாம். தோட்டத்தின் பெயர் மட்டும்தான் தெரியும் என்றால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் பெர்கூசன் டைரக்டரியைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அம்பாறைக்காரர்கள் கவனிக்க: 1961 வரை நீங்களும் மட்டக்களப்பு மாவட்டம்தான், பழைய தாள்களை அந்தப் பெயரில் தேடுங்கள்.

1972 வந்ததும் நிதானியுங்கள். காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், வயலென்றால் 25 ஏக்கர் என்று வரம்பு வைத்தது, மிச்சம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனது. வயது வந்த பிள்ளைகளுக்கு அனுமதி பெற்று மாற்ற இடமிருந்ததால் அந்தக் காலத்தில் ஒரே தோட்டம் பல பெயருக்கு உடைந்திருக்கலாம். ஆணைக்குழுவுக்குப் போன துண்டுக்கு அதன்பின் யாராவது தனியார் உறுதி எழுதியிருந்தால், ஆணைக்குழு அதை விடுவித்ததற்கு என்ன ஆதாரம் என்று லோயரிடம் காட்டிக் கேளுங்கள்.

எல்லையில்தான் சண்டை வரும். பழைய உறுதியில் "வடக்கு: புளியமரம், கிழக்கு: வாவி" என்று இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி எத்தனையோ மரங்களை முறித்துப் போட்டது, அந்தப் புளி இன்றைக்கு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். கிழக்கு வாவி என்று எழுதியிருப்பதால் தண்ணீர்வரை உங்களுடையது என்றும் நினைக்க வேண்டாம், கரையோரமாக ஒதுக்கிய நிலம் பொதுவாக அரசாங்கத்தினது. வேலி போட முந்தி பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் கேளுங்கள், இறால் வாடிக்கு அத்திவாரம் வெட்டின பிறகு அல்ல.