பார்டர் தாண்டி இடம் வாங்கறீங்களா, விக்கறீங்களா: அட்வான்ஸுக்கு முன்னாடியே வக்கீலைப் பாருங்க

பொள்ளாச்சி பக்கம் கோபாலபுரம் தாண்டினா கேரளா, சித்தூர் தாலுக்கா, ஆந்திரா சித்தூர் இல்லீங்க, பாலக்காட்டு சித்தூர். டீக்கடைல தமிழ், பஸ்ல தமிழ், இடம் காட்டற புரோக்கரும் தமிழ், அதனாலயே நம்மாளுங்க பொள்ளாச்சில வாங்கற மாதிரியே நெனச்சுட்டு மடில இருக்கற காசை எடுத்து அச்சாரமா நீட்டிடறாங்க. ஆனா பத்திரம் மலையாளம், சட்டம் கேரளா சட்டம், அதைவிட வம்பு என்னன்னா வார்த்தை நம்ம வார்த்தையாவே இருக்கும், அர்த்தம் மட்டும் வேற.

என் மச்சான் அப்படித்தான் 12 சென்ட் பாத்தாப்ல. விலை நம்ம பக்கத்தைவிட நல்லாவே கம்மி, கரம் கட்டின ரசீது இருக்கு, குடிக்கடம் கிளியர், நாளைக்கே வீடு ஆரம்பிக்கலாம்னு புரோக்கர் சொன்னாரு. கரம்னா நிலவரி, குடிக்கடம்னா நம்ம வில்லங்கச் சான்றுதான். சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு அங்கயே பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீலம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க பத்திரத்தோட கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு வார்த்தை மேல பேனாவை வச்சுட்டு "அண்ணா, இது என்னன்னு யாராச்சும் படிச்சுச் சொன்னாங்களா"ன்னாங்க. நிலம்னு போட்டிருந்துச்சு. "நிலந்தானுங்க மேடம் வாங்கறோம்"னான் மச்சான். "இங்க நிலம்னா வயல்ணா. வீடு கட்டணும்னா புரையிடம்னு இருக்கணும்." அவ்வளவுதான், மச்சான் மூஞ்சி செத்துப்போச்சு.

விஷயம் என்னன்னா கேரளாவுல 2008ல நெல்வயல் தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, தண்ணீர்த்தடம்னா ஈரநிலம். ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் எது எது வயல்னு ஒரு டேட்டா பேங்க் போட்டிருக்காங்க. உங்க சர்வே நம்பர் அதுல இருந்தா வீடு கட்ட பர்மிட் கேட்டு எவ்வளவு நடந்தாலும் பெரும்பாலும் செருப்புதான் தேயும். தப்பா சேத்துட்டாங்கன்னா ஃபாரம் 5 போட்டு ஆர்டிஓ (வண்டி ஆபீஸ் இல்லீங்க, வருவாய்க் கோட்டாட்சியர்) மட்டத்துல எடுக்கச் சொல்லலாம், அதுக்கு 2008ல அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு சேட்டிலைட் படம் வரைக்கும் பாப்பாங்க. டேட்டா பேங்க்ல இல்லாம வில்லேஜ் ரெஜிஸ்டர்ல மட்டும் நிலம்னு இருந்தா ஃபாரம் 6 போட்டு மாத்தலாம், அது கொஞ்சம் லேசு, ஆனா அதுக்கும் நாளாகும். இதெல்லாம் விக்கறவர் தலைல இருக்க வேண்டிய வேலை, வாங்கிட்டு நீங்க அலையறது இல்ல. அதனால வக்கீல் மொதல்ல கேக்கறது வில்லேஜ் ஆபீஸ்ல பிடிஆர்ங்கற அடிஸ்தான ரெஜிஸ்டரோட, அதாவது நிலவரிக் கணக்கோட நகல், அப்புறம் கிருஷி பவன்ல, அதாவது விவசாய ஆபீஸ்ல, டேட்டா பேங்க் விவரம். தென்னை நிக்குது, மேட்டாங்காடாத்தான் தெரியுது, நல்லாத்தான் இருக்குன்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, பேப்பர்ல அது இன்னும் வயலாவே இருக்கலாம்.

இதே மாதிரி இன்னொரு வார்த்தை பட்டா. நம்மூர்ல பட்டான்னா தாசில்தார் ஆபீஸ் கணக்குல உங்க பேர், அவ்வளவுதான். அங்க பட்டயம்னா சர்க்கார் பதிச்சுக் குடுத்த இடமா இருக்கலாம், இல்ல குடியானவருக்கு லேண்ட் டிரிப்யூனல் குடுத்ததா இருக்கலாம். சர்க்கார் குடுத்ததுன்னா அதை விக்கறதுக்குக் கண்டிஷன் இருக்கும், அந்தக் கண்டிஷனை மீறி வித்தா இடமே கையை விட்டுப் போகும். நியாயவிலைன்னா நமக்கு ரேஷன் கடை, அங்க அது நம்ம வழிகாட்டி மதிப்பு. நியாயவிலை, பத்திரத்துல போடற விலை, இதுல எது அதிகமோ அதுக்கு 8 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு. நம்ம பக்கம் 7ம் 2ம். பட்ஜெட் போடறப்பவே இதை மனசுல வச்சுக்கங்க.

ஆனைக்கட்டி தாண்டி அட்டப்பாடில ஏக்கர் கணக்குல சல்லிசா கிடைக்குதுன்னு யாராச்சும் சொன்னா ரெட்டிப்பு கவனம் வேணும். ஆதிவாசி மக்களோட நிலத்தை மத்தவங்க வாங்கறதைத் தடுக்கறதுக்குன்னே அங்க சட்டம் இருக்கு, காட்டை ஒட்டின இடத்துக்கு 2003 சூழல் சட்டம் வேற. என்னைக் கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, போயே தீரணும்னா வக்கீல் எழுத்துல சரின்னு சொல்லாம ஒரு ரூபாகூட நீட்டாதீங்க.

சரி, வக்கீலை எப்படிப் புடிக்கறது. இடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து கோர்ட்ல பிராக்டிஸ் பண்றவரா பாருங்க, நம்ம குடும்ப வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இதுக்கு ஆகாது. வக்கீலுங்க விளம்பரம் போடக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, அதனால தேட வேண்டாம், பேங்க்ல வீட்டு லோன் பாக்கற ஆபீசர்கிட்ட பத்திரம் பாத்து நல்லா லீகல் ஒப்பீனியன் எழுதறவர் யாருன்னு கேளுங்க, சொல்லுவாங்க. விக்கறவரோட வக்கீலே போதும், எதுக்கு ரெண்டு செலவுன்னு புரோக்கர் சொல்லுவாரு, அதை மட்டும் கேக்காதீங்க. அங்க ஆதாரம்னா பத்திரம், அதை எழுதறவரும் வக்கீலும் ஒண்ணு இல்ல, எழுதறவர் நீங்க சொன்னதை எழுதுவாரு, சொல்லாததைத் தோண்ட மாட்டாரு. ஃபீஸ் எவ்வளவு, அதுல என்னென்ன அடங்கும்னு மொதல்லயே பேசிடுங்க, ஒப்பீனியனைக் கையெழுத்தோட பேப்பர்ல வாங்குங்க.

வக்கீல் தோண்டறது என்ன. 30 வருஷத்துக்குக் குறையாம முன்னாதாரம், அதாவது பழைய பத்திரம் எல்லாம் சங்கிலி மாதிரி கோத்து வருதான்னு பாப்பாரு. நடுவுல ஒருத்தர் செத்திருந்தா வாரிசு எல்லாரும் கையெழுத்து போட்டாங்களா, ஒழிமுறி, அதாவது விடுதலைப் பத்திரம், எழுதிக் குடுத்தவங்க யாரு, அப்ப மைனரா இருந்த புள்ளை யாராச்சும் உண்டான்னு கேப்பாரு. இந்து மைனரோட சொத்தை கோர்ட் பர்மிஷன் இல்லாம வித்திருந்தா அந்தப் பையன் வயசு வந்து 3 வருஷத்துக்குள்ள வழக்கு போடலாம். கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்குப் பங்கு இல்லைன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

குடிக்கடம் கிளியர்னா எல்லாம் கிளியர்னு அர்த்தம் இல்ல. அதுல பதிவு ஆனது மட்டும்தான் வரும். கோர்ட்ல நடக்கற கேஸ், பதியாத உயில், ஒரிஜினல் பத்திரத்தை பதிவு பண்ணாம பேங்க்ல அடமானமா குடுத்து வாங்கின லோன், இதெல்லாம் வராம போகலாம். அதனாலதான் வக்கீல் ஜெராக்ஸை ஓரமா வச்சுட்டு ஒரிஜினலை எங்கன்னு கேப்பாரு. லாக்கர்ல இருக்கு, ஊருக்குப் போன தம்பிகிட்ட இருக்குன்னு இழுத்தாங்கன்னா அங்கயே நிறுத்துங்க.

அளவும் பாருங்க. நாம சென்ட்ல பேசுவோம், அங்க ரசீதுல ஆர் கணக்கு. ஒரு ஆர் கிட்டத்தட்ட 2.47 சென்ட், மச்சான் பாத்த 12 சென்ட் 4.86 ஆர்னு வரணும், ரசீதுல 4.45தான் இருந்துச்சு. ஒரு சென்ட் எங்க போச்சுன்னு புரோக்கருக்கே தெரியல. ரீசர்வே முடிஞ்ச ஊர்ல பழைய சர்வே நம்பரும் புது நம்பரும் ஒரே இடம்தானான்னு ஸ்கெட்ச் வச்சு ஒத்துப் பாக்கறதும் அவர் வேலைதான்.

அக்ரிமெண்ட்ல கெடு தேதி, மொத்த விலை, யார் பின்வாங்கினா அட்வான்ஸ் என்னாகும், பத்திரத்துல குறை வந்தா எத்தனை நாள்ல திருப்பணும், எல்லாம் எழுத்துல வேணும். தமிழ்நாட்டு இடம்னா 2012 திருத்தத்துக்கு அப்புறம் கிரய ஒப்பந்தத்தையே பதிவு பண்ணணும். எந்தப் பக்கமா இருந்தாலும் 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக்கூடாது, வாங்கினா அதே தொகை அபராதமா வரலாம். மச்சான் 2 லட்சத்தை மஞ்சப்பைல கட்டி வச்சிருந்தான், வக்கீலம்மா அந்தப் பையைப் பாத்தே சிரிச்சாங்க.

விக்கறவங்களுக்கும் சொல்றேன், ஏன்னா அந்தப் பக்கம் இருந்துட்டு பொள்ளாச்சி, உடுமலைல இருக்கற பாகத்தை விக்கறவங்க நிறைய. நம்மை ஏமாத்த என்ன இருக்குன்னு நெனைப்பாங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அலைய முடியலைன்னு ஒரு புரோக்கருக்கு பவர் எழுதிக் குடுத்தாரு, அந்தாளு யாருக்கு எவ்வளவுக்கு வித்தான்னு இவருக்கு ஊர்ல பேசித்தான் தெரிஞ்சுது. பவர் குடுத்தே ஆகணும்னா எந்த வேலைக்கு, எவ்வளவு நாளைக்கு, பணம் யார் அக்கவுண்டுக்குன்னு வக்கீல் இறுக்கி எழுதித் தரணும். முழுப்பணம் வராம சாவியோ சுவாதீனமோ குடுக்காதீங்க. வாங்கறவர் அக்ரிமெண்டைக் காட்டி வேற ஆளுக்கு விக்கப் பாத்தா தடுக்கற மாதிரி ஒரு வரி போடச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச குறை, வழித்தகராறு, கேஸ் எல்லாத்தையும் மொதல்லயே சொல்லி எழுத்துல ஏத்திடுங்க, மறைச்சா பின்னாடி அதுவே உங்க மேல கேஸா திரும்பும். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா வாங்கறவர் 1 சதவீதம் டிடிஎஸ் புடிச்சுக் கட்டணும், அந்த சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்க. நீங்க துபாய்லயோ எங்கயோ என்ஆர்ஐன்னா புடிக்கற கணக்கே வேற, ஆடிட்டரையும் கூட வச்சுக்கங்க.

பதிவு அன்னைக்கு மலையாளப் பத்திரத்தை ஒரு வரி விடாம தமிழ்ல சொல்லச் சொல்லி வக்கீலை உக்கார வைங்க, நாலு எல்லை, சர்வே நம்பர், பணம் பேங்க் வழியா வந்ததுக்கான யூடிஆர் நம்பர் வரைக்கும். வெக்கப்படாதீங்க, அதுக்குத்தான் ஃபீஸ். பதிவோட முடிஞ்சுதுன்னு வந்துடாதீங்க, வில்லேஜ் ஆபீஸ்ல போக்குவரவு, அதாவது பேர் மாத்தறது, பண்ணி உங்க பேர்ல கரம் கட்டி ரசீது வாங்கணும்.

மச்சான் அந்த 12 சென்ட்டை விட்டுட்டு கொஞ்சம் உள்ளாற 8 சென்ட் புரையிடம் வாங்கினான், 3.24 ஆர், ரசீதுலயும் அதேதான். அப்பா பேர்ல மட்டும் ஒரு எழுத்து மலையாளத்துல மாறிப்போச்சு, அதைத் திருத்த நாளைக்கு மறுபடியும் வில்லேஜ் ஆபீஸ் போறோம்.